தேர்முன் எழும் மல்லாரி



வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கவர்னர்கள் தாமே வந்து வடம் பிடித்ததையும், அவ்வழக்கத்தை இன்றும் துணைநிலை ஆளுநர்கள் விடாமல் போற்றி வருவதையும் புதுச்சேரிக் கொம்யூன்களில் சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை. ஆனால் சிவாலயங்களில் சுவாமி புறப்படும் வேளையிலும் தேர் அசையும் வேளையிலும் நாகஸ்வரத்திலும் தவிலிலும் எழுகின்ற மல்லாரி என்னும் சிறு உருப்படியைப் பற்றி, அதைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. அந்த மல்லாரியின் ராகம், காலம், சுருதி ஆகியவற்றைப் பற்றியும், இம்மூன்றும் கூடிப் பிறப்பிக்கின்ற பாவத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, ரதோற்சவத்தில் தேர் மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கேற்ற வகைகள் உண்டு. ஆகையால் பழக்கப்பட்ட காதுடையவர், சந்நிதித் தெருவில் தம் வீட்டுக்குள் இருந்தபடியே, கோயிலில் இப்போது நடப்பது இன்னது என்று தெரிந்துகொள்வார். சொல்லின் துணை சிறிதுமின்றி இத்தனையையும் உணர்த்திவிடுவதில்தான் அந்த உருப்படியின் சாமர்த்தியம் இருக்கிறது.

இதன் ராகம் கம்பீரநாட்டை. ஷட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், காகலி நிஷாதம் என்ற ஐந்தே ஸ்வரங்கள்; ரிஷபமும் தைவதமும் இல்லாமையால் ராகமானது ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கும், பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும், படி தாண்டி ஏறுகிறவனைப் போலத் தாவியே செல்லவேண்டியிருக்கிறது. அந்தத் தாவலே அதன் மிடுக்குக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர், பிரெஞ்சு தேசத்துச் சங்கீத மேதை காமில் சென்-சான்ஸ் 1886-இல் செல்லோவுக்கும் இரண்டு பியானோக்களுக்குமாக இயற்றிய ‘அன்னம்’ என்ற சிறு உருப்படியைக் கேட்கலாம். ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் அது ஜி மேஜரில் அமைந்தது. நம்முடைய கணக்கில், ஐந்து கட்டைச் சுருதியில் சங்கராபரணம். மல்லாரியின் ஐந்து ஸ்வரங்களும் அந்தச் சங்கராபரணத்துக்குள் அடங்கியவையே. ஆயினும் அங்கே ரிஷபமும் தைவதமும் உடனிருப்பதால், பியானோவின் அலைகளுக்கு மேலே செல்லோவின் நாதம் இடைவெளி தெரியாமல் வழுக்கிச் செல்கிறது. அதே ஸ்வரங்கள் இங்கே நிமிர்ந்து நிற்கின்றன. மிதமான நடையில் நளினமாக வாசிக்கவேண்டும் என்றுதான் சென்-சான்ஸ் எழுதிவைத்தார். பின்னாளில் அன்னா பாவ்லோவா என்ற ருஷ்ய நர்த்தகி அந்த இசைக்குச் சாகும் அன்னமாக ஆடியதன் பயனாக, உலகம் அதில் மரண சோகத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டது! இசையின் பாவத்தில் எவ்வளவு பங்கு ஸ்வரத்துக்கு உரியது, எவ்வளவு பங்கு சந்தர்ப்பத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. நம் மல்லாரியையும் தேரில்லாத இடத்தில் கேட்கும்போது எனக்கு இந்தச் சந்தேகம் வருவதுண்டு.

இனிக் காலப்பிரமாணம். மேல்நாட்டார் வழக்கத்தில் வேகம் இன்னது என்று தாளின் தலைப்பிலேயே குறிப்பிட்டுவிடுகிறார்கள். மல்லாரியிலோ ஒரே சங்கதி மூன்று காலங்களிலும் வருகிறது. முதற்காலத்தில் நான்கு ஆவர்த்தனங்களுக்கு நீண்ட ஒரு வரி, இரண்டாங்காலத்தில் இரண்டு ஆவர்த்தனங்களிலும், மூன்றாங்காலத்தில் ஒரே ஆவர்த்தனத்திலும் அடங்கிவிடுகிறது. சிலர் இடையே திசிரத்திலும் திருப்பி வாசிப்பார்கள். இவ்வளவு மாறுதலுக்கும் நடுவே ஜால்ராக்காரரின் கைத்தாளம் ஒரு மயிரிழையும் மாறக்கூடாது என்பது நியதி. விரல்கள் நான்கு மடங்கு விரைகின்றன; தாளமோ தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. வேகம் கூடக்கூடப் பரபரப்பு உண்டாவதற்குப் பதிலாகக் கம்பீரம் கூடுகிறதென்றால், அதற்கு அசையாத அந்தத் தாளமே காரணம். சுவாமியைத் தோளில் சுமந்து வருகிறவர்களின் நடையும், முட்டுக்கட்டைக்குக் கட்டுப்பட்டு நின்று நின்று நகரும் தேரின் கதியும் அந்தத் தாளத்தோடு பொருந்துகின்றனவேயன்றி, மேலே விரையும் ஸ்வரங்களோடு அல்ல. மல்லாரி தொடங்குமுன் தவில்காரர் தனியாக வாசிக்கும் அலாரிப்பை வெறும் முன்னுரை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நடை எது என்று ஊருக்கு அறிவிப்பவர் அவர்தாம்.

சுருதியைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு வழங்கிய திமிரி நாகஸ்வரம் குட்டையானது. நான்கு, ஐந்து கட்டையில் ஒலித்து, திறந்த வீதியில் நெடுந்தூரம் கேட்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்கள் பிரசித்தப்படுத்திய நீண்ட பாரி நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் கனத்து நிற்பது. கச்சேரி மேடைக்குப் பாரியே உசிதமென்பதில் ஐயமில்லை; என்றாலும் வடம் பிடிப்போரின் ஆரவாரத்தைக் கிழித்துக்கொண்டு எழவேண்டிய மல்லாரிக்குத் திமிரியின் கூர்மைதான் இயல்பானதென்று எனக்குத் தோன்றுகிறது. ஒலிபெருக்கி வந்தபின் இந்தப் பேதம் அவசியமற்றதாகிவிட்டது என்பார்கள். கூம்பு வழியாக வரும் நாதத்தில் உரப்பு இருக்கும், ஆனால் தவிலின் தொப்பியும் வலந்தலையும் ஒன்றோடொன்று குழம்பிப்போகும்.

பரதநாட்டிய அரங்குகளில் இக்காலத்தில் மல்லாரியை முதல் உருப்படியாக ஆடுகிறார்கள். அது வரவேற்கத்தக்கதே, ஆனால் முதற்காலத்தை அவசரமாகக் கடந்து மூன்றாங்காலத்துக்கு ஓடும் வழக்கத்தை நான் ஒப்பமாட்டேன். விளம்பத்தில் அந்த வரி காதில் பதிந்தால்தான் பிறகு துரிதத்தில் அதை அடையாளம் காணமுடியும்.

வில்லியனூரிலோ பாகூரிலோ அடுத்த உற்சவத்துக்குப் போகிறவர்கள் கூட்டத்தின் பின்னே ஒதுங்காமல், கூடுமானால் ஜால்ராக்காரரின் பக்கத்தில் நின்று, முதற்காலத்தில் அந்த வரி எத்தனை ஆவர்த்தனம் நீள்கிறதென்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். மல்லாரி முடிந்து தொடங்கும் ராக ஆலாபனைக்கு இலக்கணம் வேறு, விஸ்தாரம் வேறு. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.