பனிமலை அடியிற் சில்லு வீடுகள்

அவுஸ்திரேலியா என்றதும் செம்மண் பாலையும் துள்ளியோடும் கங்காருவும் நீண்ட கடற்கரையுமே மனக்கண்முன் வருவது இயல்பு. அந்நாட்டில் முழங்காலளவு வெண்பனி குவியும் மலைகளும் உண்டு என்றாற் கேட்போர் சற்றுத் தயங்குவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கிழக்கிலும் விக்ரோரியா மாநிலத்தின் வடகிழக்கிலும் பரந்து கிடக்கும் மலைத்தொடரில், ஜூன் மாதந் தொடங்கி அக்டோபர் முற்பகுதி வரை வெண்பனிக் காலம். அத்தொடரின் உச்சியாகிய கொசியஸ்கோ சிகரம் 2,228 மீற்றர் உயரமுடையது. நம் நாட்டின் பீதுருதாலகால மலையோ 2,524 மீற்றர். உயரத்தில் நம்முடையதே பெரிது. ஆயினும் அதன் உச்சியில் வெண்பனி படிவதில்லை. மலையின் உயரம் மட்டும் பனியைத் தந்துவிடாது; பூமத்திய ரேகையிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதும் கணக்கில் வரும். நாம் ஏழு பாகையில் இருக்கிறோம். கொசியஸ்கோ முப்பத்தாறு பாகையில் இருக்கிறது.

பனி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் பலவற்றைக் குறிக்கிறோம். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பதும் பனி. தை மாதத்து இரவில் நுவரெலியாவின் தேயிலைக் கொழுந்தைக் கருகச் செய்வதும் பனி. இங்கே பேசப்படுவது, கொட்டிய பஞ்சுபோல் வானிலிருந்து ஓசையின்றி இறங்கி, கூரையையும் பாதையையும் மரக்கிளையையும் ஒரே நிறமாக்கிவிடும் வெண்பனி. அதன் மீது சறுக்கி விளையாடுவதற்கென்று ஆண்டுதோறும் பெருந்தொகையான மக்கள் அம்மலைகளுக்குச் செல்கின்றனர்.

பனிவெளியின் நடுவே திரெட்போ, பெரிஷர் முதலிய இடங்களில் நல்ல விடுதிகள் இருக்கின்றன. ஆனால் பனிக்காலத்தில் அவற்றின் வாடகை சாதாரண சம்பளக்காரனின் கைக்கு எட்டாதது. சறுக்குப் பலகையின் வாடகை, மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும் கம்பி இருக்கைக்கான கட்டணம் என்று செலவு வேறாக ஏறிக்கொண்டே போகும். இரண்டு பிள்ளைகளையுடைய ஓர் ஆசிரியரோ பேருந்துச் சாரதியோ அத்தனையையுங் கொடுத்துக் குடும்பத்துடன் பனியைப் பார்ப்பது எளிதன்று. அவர்களுக்கு வழி திறப்பது மலையடிவாரத்துக் கரவன் தரிப்பிடம்.

கரவன் என்பது மோட்டார் வண்டியின் பின்னாற் கொளுவி இழுத்துச் செல்லும் சில்லு வீடு. பாரசீக மொழியில் ஒட்டகங்களுடன் செல்லும் வணிகர் கூட்டத்தைக் குறித்த சொல், கை மாறி மாறி வந்து, இன்று ஒரு குடும்பத்தின் கட்டிலையும் அடுப்பையுங் குறிக்கிறது. இத்தகைய சில்லு வீடுகளை நிறுத்துவதற்கு இடத்தை நிரையாக வகுத்து, ஒவ்வோரிடத்துக்கும் மின்சாரமும் தண்ணீர்க் குழாயுங் கொடுத்து, நடுவே பொதுக் குளியலறை, மலசலகூடம், சமையற்கூடம் ஆகியவற்றைக் கட்டிவைத்திருக்கும் இடமே தரிப்பிடம். சில்லு வீடு இல்லாதவர் கூடாரம் அடிக்கலாம். அல்லது அங்கேயே கட்டப்பட்டுள்ள சிறு மரவீட்டை வாடகைக்கு எடுக்கலாம்.

சிட்னியிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஜிண்டபைன் இத்தகைய தரிப்பிடங்களுக்குப் பெயர்போன ஊர். இன்று ஏரிக்கரையில் நிற்கும் இவ்வூர் அதன் பழைய இடத்தில் நிற்பதன்று. 1949ஆம் ஆண்டு தொடங்கி 1974 வரை நடைபெற்ற ஸ்நோயி மலை நீர்மின் திட்டத்திற்காக ஆறுகள் மறிக்கப்பட்டபோது பழைய ஜிண்டபைன் நீருள் மூழ்கியது. மக்கள் மேட்டுநிலத்திற் புதிய ஊர் கண்டனர். அத்திட்டத்தில் உழைத்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பான்மையோர் உலகப் போரின் பின் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். வேலை நகர நகர அவர்களின் முகாம்களும் மலைமேல் நகர்ந்தன. மலையிற் குளிரோடு போராடித் தற்காலிக வீட்டில் வாழ்வது அவ்வூருக்குப் புதிதன்று என்பதற்காகவே இது குறிப்பிடப்படுகிறது.

இனி, அத்தகைய சில்லு வீட்டில் ஒரு பனிக்கால இரவு எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம்.

சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஜிண்டபைனிலிருந்து மேலேறினாற் சார்லற் பாஸ் என்றோர் இடம் உண்டு. 1994ஆம் ஆண்டு ஜூன் 29ஆந் திகதி அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 23 பாகைக்குச் சென்றது. அவுஸ்திரேலியாவிற் பதிவானவற்றுள் மிகக் கடுங்குளிர் அதுவே. அடிவாரத்தில் அவ்வளவு இல்லையாயினும், குழாயிலுள்ள நீர் கட்டியாவதற்கு அந்தக் குளிர் போதும். ஆகவே பழகியவர் மாலையிலேயே பாத்திரங்களில் நீர் நிரப்பி உள்ளே வைத்துக்கொண்டு, இறப்பர்க் குழாயைக் கழற்றி வடியவிட்டுச் சுருட்டிவைப்பர். பழகாதவர் விடியலில் தேநீருக்குத் தண்ணீரின்றி, கேத்தலும் கையுமாக அயல் வீட்டாரின் கதவைத் தட்டுவர். தரிப்பிடத்திற் பல நட்புக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

மின்சாரத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வோரிடத்துக்கும் வழக்கமாகக் கிடைப்பது 15 அம்பியர். 240 வோல்ற்றில் இயங்கும் 2,400 உவாற்றுக் கணப்பு ஒன்றே 10 அம்பியரை எடுத்துக்கொள்ளும். அது எரியும்போதே கேத்தலையும் மூட்டினால் எல்லை கடந்து ஆளி விழுந்துவிடும், வீடு இருண்டுபோகும். பாடசாலையிற் படித்த பெருக்கலும் பிரித்தலும் வாழ்க்கையில் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே விடை கிடைத்துவிடுகிறது.

எரிவாயு அடுப்பிலும் குளிர் கை வைக்கும். சிறு தகரப் பேணிகளில் விற்கப்படும் பியூற்றேன் வாயு, பூச்சியப் பாகையை அண்டியதும் ஆவியாக மறுத்துவிடும். பேணி நிறைய வாயு இருக்கும், அடுப்பில் தீ இராது. புரப்பேனோ பூச்சியத்துக்குக் கீழ் நாற்பது பாகை வரையில் ஆவியாகும். எனவே அம்மலைகளில் எதனைக் கொண்டுபோவது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. டீசல் வண்டியில் வருவோருக்கும் இதே போன்றதோர் இடர். சமவெளியில் நிரப்பிய டீசல் மலைக்குளிரில் மெழுகாகத் திரண்டு குழாயை அடைத்துவிடும். குளிருக்கென்று ஆயத்தஞ் செய்த டீசலை மலையடிவாரத்தில் நிரப்பிக்கொண்ட பின்னரே மேலே செல்லவேண்டும்.

இவையெல்லாம் சங்கடங்கள், உயிரைக் குடிப்பவையல்ல. உயிரைக் குடிப்பது ஒன்று இருக்கிறது. நால்வர் உறங்கும் சிறிய அறையில் அவர்களது மூச்சுக்காற்றே சுவரில் நீராகப் படிந்து தலையணையை நனைக்கும். குளிருக்கு அஞ்சி யன்னல்களை இறுக மூடி, சீலைகொண்டு இடுக்குக்களையும் அடைத்துவிட்டு, கரியையோ எரிவாயு அடுப்பையோ உள்ளே கொளுத்திவைத்துக் கண்ணயர்வோரும் உளர். எரிதலுக்குப் போதிய காற்றில்லாதபோது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமந்துசெல்லும் ஈமோகுளோபின் இவ்வாயுவை ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், உறக்கம் என்று தொடர்ந்து, உறங்கியவர் எழாமலே போய்விடுவார். சமையல் அடுப்பைக் கணப்பாக்குவதே கூடாது. எத்துணைக் குளிராயினும் ஒரு யன்னலை இரண்டு விரற்கடை திறந்துவைக்கவேண்டும். குளிர்காற்று உள்ளே வருகிறதே என்று முணுமுணுக்கும் பிள்ளைக்கு இன்னொரு போர்வை கொடுக்கலாமேயொழிய யன்னலைச் சாத்தலாகாது. சில டொலர்களைச் சேமிக்க எண்ணி இந்த ஒரு விதியை மீறுவதிலும் பெரிய அறியாமை வேறில்லை.

விடிந்ததும் தரிப்பிடம் களைகட்டும். சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டுவது எப்படி என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டுவார். நான்கு சில்லும் இழுக்காத வண்டியாயின், பனிக்காலத்திற் சங்கிலியின்றித் தேசியப் பூங்காவுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். பொதுச் சமையற்கூடத்தில் ஒரு முனையில் முட்டை பொரியும். மறு முனையில் தாளித மணம் எழும். 1983ஆம் ஆண்டின் பின்னர் சிட்னியிலும் மெல்பேணிலும் பெருகிக் குடியேறிய நம் மக்களும் பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டுவதற்கு இம்மலைகளுக்கே வருகின்றனர். வெண்பனியைக் கையில் ஏந்திப் பார்க்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் வியப்பில் வேற்றுமை இல்லை.

ஜிண்டபைனிலிருந்து சிறிது மேலேறினால் தேசியப் பூங்காவினுள்ளேயே காட்டின் நடுவில் அமைந்த தரிப்பிடமும் உண்டு. கொசியஸ்கோ தேசியப் பூங்கா ஏறத்தாழ 6,90,000 ஹெக்டேயர் பரப்புடையது. அங்கே பனியைத் தாங்கி வளைந்து வளரும் யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. ஈரம் பட்டதும் அவற்றின் பட்டையிற் செந்நிறமும் பசுமையும் வரிவரியாகத் தெளிந்து தெரியும். இரவில் வொம்பற் என்னும் பருத்த விலங்கு கூடாரத்தருகே புல் மேயும். பொசம் என்னும் மரவாழ் விலங்கு மேசையில் மறந்துவிட்ட பாணைத் தூக்கிச் செல்லும். பிள்ளைகள் ஆசையோடு அவற்றிற்கு உணவு நீட்டுவர், அது தடுக்கப்பட்டுள்ளது. மனிதரின் பாண் அவற்றின் வயிற்றுக்கு ஒவ்வாது. மனிதரிடம் அச்சம் நீங்கிய விலங்கு அதிக காலம் பிழைப்பதுமில்லை. விறகு பொறுக்குவதற்கும் தடையுண்டு. விழுந்து கிடக்கும் மரக்கட்டையை நாம் விறகென்கிறோம். பல்லிக்கும் பூச்சிக்கும் அது வீடு.

பனியின் அடியிலும் ஓர் உயிர் உறங்குகிறது. மலைக்குள்ளப் பொசம் என்று சொல்லத்தக்க அச்சிறு விலங்கின் எடை 45 கிராம் அளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் பழைய எலும்புகள் கிடைத்தபோது, அவ்வினம் அழிந்துபோயிற்று என்றே அறிஞர் கருதினர். 1966ஆம் ஆண்டில், விக்ரோரியாவின் ஹோதம் மலையிற் சறுக்குவோர் தங்கும் குடில் ஒன்றினுள்ளே அது உயிரோடு அகப்பட்டது. வசந்தத்தில் உறக்கம் கலைந்து எழும்போது அதற்கு உணவாவது, வெப்பத்துக்கு ஒதுங்கி நெடுந்தூரம் பறந்து மலைக்கு வரும் போகொங் அந்துப்பூச்சி. அந்நிலத்தின் ஆதிக்குடிகளும் கோடையிற் கூட்டங் கூட்டமாக மலையேறி அப்பூச்சியைச் சுட்டு உண்டு கொண்டாடினர். 2017ஆம் ஆண்டை அடுத்து வந்த கடும் வரட்சியில் அப்பூச்சி மிகக் குறைந்துபோயிற்று.

பனியுங் குறைகிறது. ஸ்பென்ஸர்ஸ் கிறீக் என்னும் இடத்தில் 1954ஆம் ஆண்டு தொடங்கி நீர்மின் திட்டத்தினர் பனியின் ஆழத்தை அளந்து வருகின்றனர். 1981இல் அது மூன்றரை மீற்றரைத் தாண்டியது; 2006இல் ஒரு மீற்றரையும் எட்டவில்லை. ஒவ்வோராண்டும் ஒரே சீராகக் குறைவதில்லை. நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வருகின்றன. எனினும் 1950களிலிருந்து நோக்குங்கால் சரிவு தெளிவாகவே தெரிகிறது. பெரிய விடுதிகள் நீரைத் தெளித்துச் செயற்கைப் பனி செய்கின்றன. அதற்குங் குளிர் வேண்டும்.

குளிரைக் காட்டிலும் பெரிய பகை கோடையில் வருகிறது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் எரிந்த காட்டுத்தீயில் கொசியஸ்கோ தேசியப் பூங்காவின் மூன்றிலொரு பங்களவு வெந்தது. பூங்கா மூடப்பட்டு, வந்திருந்தோர் யாவரும் வெளியேற்றப்பட்டனர். செல்வின் என்னும் சிறிய சறுக்குத்தலம், குறைந்த செலவிற் பிள்ளைகள் பனியிற் பழகிய இடம், 2020 ஜனவரியில் எரிந்து சாம்பலாயிற்று. மீண்டும் திறக்கப்பட்டது 2023இலேதான். மலைகளுக்குத் தெற்கே, விக்ரோரியாவின் கடலோரத்தில், காடு சூழ்ந்த மலக்கூற்றா என்னும் சிற்றூர் உளது. அங்கே தரிப்பிடங்களிற் சில்லு வீடுகளும் கூடாரங்களும் நிறைந்திருந்த விடுமுறைக் காலத்தில், 2019 டிசெம்பர் 31ஆந் திகதி காலையிற் பகல் இரவாயிற்று. பின் வானம் செந்நெருப்பாயிற்று. ஊருக்குச் செல்லும் தெரு அடைபட்டுப்போக, ஆயிரக்கணக்கானோர் கடலோரத்தில் ஒதுங்கினர். சில நாட்களின் பின் கடற்படைக் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது.

தீ எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் விடுமுறைக்கு வந்தவர் சில்லு வீட்டை வண்டியிற் கொளுவிக்கொண்டு காலையிலேயே புறப்பட்டுவிடலாம்; புறப்படவும் வேண்டும். புகை தெரிந்த பின் புறப்படுவது பிந்திப் புறப்படுவதாகும். ஆனால் பல தரிப்பிடங்களின் ஓரத்தில் வேறொரு வகையினர் இருக்கின்றனர். வீட்டு வாடகை கொடுக்க இயலாத முதியோர், பனிக்காலத்திற் சறுக்குத்தலங்களில் வேலைபார்த்துவிட்டுப் போக்கிடமின்றித் தங்கிவிட்டோர் முதலியோர் ஆண்டு முழுவதும் அங்கேயே வசிக்கின்றனர். அவர்களுடைய சில்லு வீடுகள் பல ஆண்டுகளாக அசையாதவை. சில்லிற் காற்றில்லை, முன்பக்கத்திற் பலகைத் தாழ்வாரம் அடித்தாயிற்று, இழுப்பதற்கு வண்டியும் இல்லை. எச்சரிக்கை வரும் நாளில் முதலில் யாருடைய கதவைத் தட்டவேண்டும் என்பதைத் தரிப்பிடப் பொறுப்பாளர் முன்னரே அறிந்து வைத்திருக்க வேண்டியது இதனாலேயே.