படம் எடுக்கும் கைக்குப் பயிற்சி

நாம் கூடியிருக்கும் இந்த ஹைதராபாத் பேகம்பேட்டில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்டு ராஸ் ஒரு கொசுவை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்த நாளைக் கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய கதையை அவ்வளவாகப் பேசுவதில்லை. நோயாளியின் இரத்தத்தில் அப்படியொரு கிருமி இருப்பதாக 1880-இலேயே பிரெஞ்சு மருத்துவர் லவரான் சொல்லிவிட்டார். ராஸிடம் நுண்ணோக்கி இருந்தது. இந்தியாவில் காய்ச்சல்காரர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் கண்ணுக்கு அது அகப்படவில்லை. லவரான் சொன்னதையே அவர் நம்பவில்லை. 1894-இல் இலண்டனில் மருத்துவர் பாட்ரிக் மேன்சன் அதை நேரில் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெளிந்தது. காட்டியதோடு மேன்சன் கைவிட்டுவிடவும் இல்லை. ராஸ் இந்தியா திரும்பிய பின்பு இருவருக்குமிடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்வந்தன. மருத்துவ வசதி குறைந்த தீவு நாடுகளில் எக்ஸ்ரே, ஸ்கேன் பயிற்சியைத் தொண்டாகக் கொடுக்க முன்வரும் நமக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருவது பயிற்சியின் தொடக்கம் மட்டுமே. வந்த பிறகு மாதக்கணக்கில் அவர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அது பயிற்சி.

எந்திரம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் நன்கொடையாளர்களிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் பெர்ரியும் மால்கினும் வறிய நாடுகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 40 விழுக்காடு பயன்பாட்டில் இல்லை. அவர்கள் சொன்ன காரணங்களில் ஆள் பயிற்சி இல்லாமையும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் இதை முன்பே உணர்ந்திருந்தது. எளிய எக்ஸ்ரே எந்திரம் ஒன்றை வடிவமைத்த கையோடு, படம் எடுப்பதற்கும், இருட்டறையில் கழுவுவதற்கும், பொது மருத்துவர் படத்தைப் படிப்பதற்கும் 1985, 86-இல் தனித்தனிக் கையேடுகளை வெளியிட்டது. எந்திரமும் கையேடும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற அந்த யோசனை இன்றைக்கும் பழசாகிவிடவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை 200-ஐ ஒட்டி. இந்திய உதவியில் எழுந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை 1995-இல் மாலேயில் திறக்கப்பட்டது. தலைநகருக்கு அது பெரும் துணை. தொலைவிலுள்ள தீவுக்காரருக்கோ நடுவில் கடல் கிடக்கிறது. இத்தகைய தீவுகளில் எக்ஸ்ரே எடுப்பவர் பெரும்பாலும் தனி ஆள். நெஞ்சுப் படத்துக்கு நோயாளி சற்றே திரும்பி நின்றால் காரை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் விழாது. நெஞ்சின் நடுப்பகுதி அகன்றது போலத் தெரியும். மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காவிட்டால் நல்ல இதயமும் வீங்கியதாகத் தெரியும். அந்தப் படத்தை நம்பி ஒருவரைப் படகேற்றி அனுப்பினால், செலவும் அச்சமும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

இனிப் பயிற்சி எதற்கு, படத்தை அனுப்பினால் இங்கிருந்தே படித்துச் சொல்லலாமே, கணினியே படித்துவிடுமே என்பார்கள். இது வெறும் வாதமல்ல. அப்துல் கலாம் 2004-இல் முன்மொழிந்த, 2009-இல் தொடங்கப்பட்ட ஆப்பிரிக்க மின்வலைத் திட்டம் மொரீஷியஸ், செஷல்ஸ் தீவுகளையும் நம் மருத்துவமனைகளோடு இணைத்தது. காசநோயைத் தேட நெஞ்சுப் படத்தைக் கணினி படிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் கோணலாக எடுத்த படத்தைத் தொலைவிலிருந்து படிப்பவராலும் நிமிர்த்த முடியாது, கணினியாலும் முடியாது. அல்ட்ராசவுண்டில் சிக்கல் இன்னும் பெரிது. புரோப் பிடித்த கை நகரும் அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டியதைப் பார்த்தாக வேண்டும். கை தவறவிட்டதை, சேமித்து அனுப்பிய நான்கு படங்களில் எவர் தேடினாலும் கிடைக்காது.

நம் கிராமங்களிலேயே ரேடியாலஜிஸ்ட் இல்லாதபோது கடல் கடந்து போவானேன் என்ற கேள்வியும் நியாயமானதே. வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் பத்துப் படங்களைப் பார்த்துக் குறைகளைச் சுட்டிக்காட்டும் பழக்கம் வந்துவிட்டால், அது தீவுக்கும் உதவும், ஆதிலாபாத் கிராமங்களுக்கும் உதவும். நமக்கு விடுப்பு கிடைக்காது என்ற மனக்குறைக்கும் பாதி வழி இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு முறைவைத்துப் போகலாம். ஆள் மாறினாலும் மருத்துவமனையும் பயிற்சி பெறுபவரும் மாறக் கூடாது. ஒரு குழு ஒரே மருத்துவமனையை மூன்றாண்டுகளுக்கு ஏற்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. எத்தனை நோயாளிகளைப் பார்த்தோம் என்று கணக்கெழுதும் முகாம் வழக்கத்தை விட்டுவிட்டு, மாதந்தோறும் எத்தனை படங்களை மறுபடி எடுக்க நேர்ந்தது, என்ன காரணத்தால் என்று அந்த ஊர் டெக்னீஷியனே பதிவேட்டில் எழுதட்டும். அந்த எண்ணிக்கை குறைகிறதா என்பதை வைத்தே நம் பணியை மதிப்பிடலாம். இதை ஏற்பதா, திருத்துவதா என்று முற்பகல் அமர்விலேயே விவாதித்து முடிவெடுக்குமாறு அவையை வேண்டுகிறேன்.