சிறு கெளுத்தி தொட்டியில் வளரட்டும். பெருங்கெளுத்தி குளத்தில் வேண்டாம்

(ஊராட்சி உறுப்பினர்க்கும் உழவர்க்கும் ஆற்றிய உரை)



கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. சிறு குடும்பத்திற்கு வருவாய் தரும் துணைத் தொழிலுமாகும். சென்னைக் கொளத்தூர் இத்தொழிலால் பெயர் பெற்ற ஊர். 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் வீட்டுப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் வகுக்கப்பட்டது. இத்தொழிலில் விலைபோகும் மீன் ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். அதனால் நன்மையும் உண்டு. நாம் அசட்டையாக இருந்தால் கேடும் உண்டு.

தொட்டியின் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் மீனைப் பலர் கண்டிருப்பீர்கள். கடைகளில் 'சக்கர் மீன்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் சொல்லுவர். இது தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கெளுத்தி. செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உடலைக் கவசம்போல் மூடியிருக்கும். இதில் வகைகள் பல. நாம் அறிய வேண்டியவை இரண்டு.

ஒன்று அன்சிஸ்ட்ரஸ் என்னும் சிறு வகை. இது நான்கைந்து அங்குலமே வளரும். முதிர்ந்த ஆணின் மூக்கின்மேல் மீசைபோல் மென்மையான இழைகள் கிளைத்திருக்கும். மற்றொன்று டெரிகோப்ளிக்திஸ் என்னும் பெரு வகை. விற்கும்போது விரல் நீளமே இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடியை எட்டும். முதுகுத் துடுப்பை விரித்து, முன்முள்ளை விட்டு நரம்புகளை எண்ணிப் பாருங்கள். சிறு வகைக்குப் பெரும்பாலும் ஏழு. பெரு வகைக்கு ஒன்பதும் அதற்கு மேலும் இருக்கும்.

வீட்டில் வளர்க்கத் தக்கது சிறு வகையே. மூன்றடி நீளத் தொட்டியில் ஓர் ஆணும் இரு பெண்களும் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுக. காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓட வேண்டும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுக. பாசி மட்டும் உணவுக்குப் போதாது; வெள்ளரித் துண்டும், வெந்நீரில் வாட்டிய கீரையும் மாலையில் இட்டு, மீந்ததைக் காலையில் எடுத்துவிட வேண்டும். சுரண்டித் தின்ன ஊறிய கட்டை ஒன்றும் இருக்கட்டும்.

இம்மீன் பொந்தில் முட்டையிடும். இரண்டு அங்குல அகலமும் அரையடி நீளமும் உள்ள மூங்கில் குழாயோ மண் குழாயோ, ஒரு முனை அடைத்து வைத்தால் ஆண் அதில் புகுந்துகொள்ளும். சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றினால் முட்டையிடத் தூண்டும். ஆரஞ்சு நிற முட்டைகளை ஆண்மீனே துடுப்பால் விசிறிக் காக்கும், அதனைக் கலைக்கலாகாது. சுமார் ஐந்து நாளில் குஞ்சு பொரியும். வயிற்றில் உள்ள கரு உணவு தீர்ந்தபின் வாட்டிய கீரை கொடுக்கலாம்.

இனிக் கேட்டைப் பார்ப்போம். பெரு வகை தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும், கொல்ல மனமின்றிப் பலர் அதனைக் குளத்தில் விட்டுவிடுகின்றனர். மண் குட்டைகளில் வளர்ப்பதும் வெள்ளத்தில் தப்பிச் செல்கிறது. இம்மீன் கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை சரிகிறது. துடுப்பு முள் வலையைக் கிழிக்கிறது. கெண்டை மீன்களின் உணவு குறைகிறது. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் மீன் வளர்ப்போர் இத்தொல்லையை அனுபவித்து வருகின்றனர். தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இம்மீன் புகுந்துள்ளது. சந்தையில் இதற்கு மதிப்பில்லை. குளம் இதனால் நிறைந்தால் மீன் பாசி குத்தகை எடுக்க யார் முன்வருவர்? ஊராட்சியின் வருவாய் அல்லவா குறையும்?

ஆகவே, வளர்ப்போர் சிமெண்டுத் தொட்டியிலோ கண்ணாடித் தொட்டியிலோ மட்டும் வளர்க்க வேண்டும். கழிவு நீரை நுண்வலையில் வடித்துத் தோட்டத்திற்குப் பாய்ச்சுக, வாய்க்காலில் விடற்க. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். வலையில் சிக்கிய சக்கர் மீனை மறுபடி நீரில் விடாதீர்கள். கரையில் எறிந்தாலும் பல மணி நேரம் சாகாது. அதனைக் கொன்று தென்னையடியில் புதைத்தால் எருவாகும். ஊராட்சி உறுப்பினர்கள் வெளிநாட்டு மீன் விடலாகாது என்பதைக் குத்தகை நிபந்தனையில் சேர்க்க வேண்டும். கோடையில் நீர் வற்றும்போது கரையில் வளைகள் உளவா என்று பார்த்து, மீன்வளத் துறைக்கு அறிவிக்க வேண்டும்.

வீட்டுத் தொட்டியால் குடும்பம் நலம் பெறட்டும். ஊர்க் குளமும் கெடாதிருக்கட்டும்.