கட்டட வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள்: விழுந்தால் யார் பொறுப்பு?

(பதுளையில் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கொழுந்து நிறை, அரைப் பேர், வீடு, காணி என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கட்டட வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தேயிலைத் தொழிலாளர் சங்கத்துக்கும் கட்டட வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். உங்கள் லயத்திலேயே எண்ணிப் பாருங்கள். காலையில் பிரட்டுக்கு வரும் இளைஞர்கள் எத்தனை பேர்? கொழும்பு, வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் மேசனுக்குக் கையாளாகப் போயிருப்பவர்கள் எத்தனை பேர்? தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும்தான் லயம் நிறைகிறது. அந்தப் பிள்ளைகளுடைய தாய் தகப்பன் எங்கள் அங்கத்தவர்கள். பிள்ளை சாரத்திலிருந்து விழுந்தால் முதல் போன் வீட்டுக்கு வரும். அடுத்த போன் தலைவருக்குத்தான் வரும். அந்தப் போன் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

போன் வந்த பிறகு வழக்கமாக என்ன நடக்கிறது? மறுநாள் ஒரு வேன் வருகிறது. பிள்ளையின் உடலோடு பாஸ் ஒருவர் வருகிறார். நல்ல மனுஷன் மாதிரி அழவும் அழுகிறார். பெட்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று கையில் ஒரு கட்டுப் பணம் வைக்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து, "இதில் ஒரு கையெழுத்து வையுங்கள் அம்மா, சும்மா கணக்குக்குத்தான்" என்கிறார். கடுதாசி பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். அம்மா அழுதுகொண்டே கையெழுத்து வைக்கிறார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதுதான் அதில் எழுதியிருப்பது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. வேலையில் நேர்ந்த விபத்தில் ஒருவர் இறந்தால், நட்டஈட்டை வேலை கொடுத்தவர் கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்ட வேண்டும். குடும்பத்துக்கு யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது ஆணையாளர். வேன் வாசலில் வைத்துக் கொடுத்த பணம் அந்த நட்டஈடு ஆகாது. நட்டஈடு வேண்டாம் என்று எழுதி வாங்கிய கடுதாசியும் சட்டத்தின் முன் செல்லாது. ஆகவே கையெழுத்து வைத்துவிட்டோம், எல்லாம் முடிந்துவிட்டது என்று எந்தத் தாயும் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடத் தேவையில்லை.

தொகையும் பழைய தொகை இல்லை. நெடுங்காலம் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக இருந்த உச்ச எல்லையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 20 லட்சம் ரூபாவாக உயர்த்தியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதே திருத்தத்தோடு சேர்ந்துகொண்டது. உயிர் போனால் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கை போனாலும் கண் போனாலும், கொஞ்ச நாள் வேலை செய்ய முடியாமல் படுத்தாலும் உரிமை உண்டு.

அடுத்து வருவது பொறுப்பைத் தள்ளிவிடும் விளையாட்டு. பெரிய கம்பனி கொந்தராத்துக்காரரைக் காட்டும். கொந்தராத்துக்காரர் சின்னக் கொந்தராத்துக்காரரைக் காட்டுவார். அவர் பாஸைக் காட்டுவார். பாஸிடம் ஒரு மோட்டார் சைக்கிளும் நாலு கரண்டியும்தான் இருக்கும். இந்தத் தந்திரத்தைச் சட்டம் எழுதியவர்கள் அந்தக் காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். தன் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொந்தராத்துக்குக் கொடுத்தாலும், அங்கே வேலை செய்த ஆளுக்கு மேலேயுள்ள முதலாளி பொறுப்புத்தான். அதனால் பாஸின் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வேலைத்தளத்தின் முன்னால் நட்டிருக்கும் பெயர்ப் பலகையைப் போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை. பிறகு அந்த ஒரு படத்துக்காக நாங்கள் மாதக்கணக்கில் அலைந்து திரிய வேண்டியும் இருக்காது.

முதலாளிமார் சொல்லும் இன்னொன்று: "அவன் குடித்திருந்தான்." இப்படியொரு விலக்குச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். குடிவெறியினால் நேர்ந்த காயம், பாதுகாப்புக்குக் கொடுத்ததை வேண்டுமென்றே கழற்றி எறிந்ததால் நேர்ந்த காயம் என்று நிரூபித்தால் அவர்கள் தப்பலாம். ஆனால் கொடுக்காத ஹெல்மட்டை யார் கழற்றி எறிவது? கட்டாத இடுப்புப் பட்டியை யார் அவிழ்ப்பது? ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்தின் துண்டையும், கூட வேலை செய்தவர்களின் பெயர்களையும் அன்றைக்கே வாங்கி வையுங்கள். தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: ஹெல்மட் போட்டால் வியர்க்கிறது என்று பக்கத்தில் வைத்துவிட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். முதலாளியின் வக்கீலுக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கிற சாட்சி அது.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கு மட்டும் என்று நாம் நினைத்திருக்கிறோம். கட்டட வேலைக்கும் அது பொருந்தும். உயிர் போன விபத்தையும், மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்கிய விபத்தையும் எழுத்தில் தொழில் திணைக்களப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் விசாரணை வரும். அதனால்தான் பலர் அறிவிப்பதில்லை. அவர்கள் அறிவிக்காவிட்டால் பதுளைத் தொழில் அலுவலகத்துக்கு நாங்கள் அறிவிப்போம். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம் இரண்டும் நாட்கூலிக் கையாளுக்கும் உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

இனி நம் தலைக்கு மேலே உள்ள கூரைக்கு வருவோம். பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு எத்தனையோ லயங்களுக்கு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டார்கள். பழகிய சீட் உடையும் என்று சொல்லாமலே உடையும். மேலே ஏறுகிறவர் ஆணி வரிசை பார்த்து மிதித்தாலும் நம்ப முடியாது. குறுக்கே பலகை போட்டு, பலகையில்தான் நிற்க வேண்டும். தூசி அதைவிட மோசம். அதை மூச்சோடு இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து நுரையீரல் நோயாக, புற்றுநோயாக வருகிறது. எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கணவனின் தூசிச் சட்டையைத் துவைத்தே நோய் வாங்கிய மனைவிமாரும் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள்.

இலங்கை நீல அஸ்பெஸ்டஸை 1987இல் தடை செய்தது. வெள்ளையையும் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. நமக்கு வெள்ளை அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதே ரஷ்யாதான். சில நாளுக்குள் நம் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. நாம் பறித்த கொழுந்து கப்பலேற வேண்டும் என்பதற்காக நம் கூரையில் அந்தச் சீட் தங்கிவிட்டது. தேயிலைக்கும் கட்டட வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

சீட்டை வெட்டத்தான் வேண்டும் என்றால் கிரைண்டரால் வெட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால் அறுங்கள். விளக்குமாற்றால் காய்ந்த தூசியைக் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்கும் தோட்டத்து வேலிக்கும் வைப்பதை நிறுத்துங்கள்.

மண் வெட்டும் வேலையையும் சொல்லிவிடுகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவைக் கண்டது. வீடு கட்டும் வேலை தொடங்கினால் மண்வெட்டி பிடிக்கப் போவது நம் பிள்ளைகள்தான். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. மார்பளவு மூடினாலே மூச்சு விட முடியாது. மழை பெய்து ஊறிய மண்மேட்டின் அடியை நேர்ச்சுவராக வெட்டச் சொன்னால், வெட்ட மாட்டோம் என்று சொல்லுங்கள். படிபடியாக வெட்ட வேண்டும், அல்லது பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை அந்த இடத்துக்கு இருக்கிறதா என்று தலைவர் கேட்க வேண்டும். தொரைக்குக் கோபம் வந்தாலும் கேட்க வேண்டும்.

கொந்தராத்துக்காரர்களில் நல்லவர்களும் உண்டு. எங்கள் தோட்டங்களிலிருந்தே போய்ப் பாஸ் ஆனவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. உறுதியான சாரம், கைபிடிக் கம்பி, ஹெல்மட், சப்பாத்து, வேலையாள் பெயர் எழுதிய கொப்பி என்று கேட்கிறோம். இதெல்லாம் ஒரு நட்டஈட்டு வழக்கின் செலவை விட மலிவு என்பது அவர்களுக்கும் தெரியும்.

தலைவர்மாரே, இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி தொடங்குங்கள். வெளியே கட்டட வேலைக்குப் போயிருப்பவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலைத்தளம் இருக்கும் ஊர், கம்பனி, பாஸின் போன் இலக்கம், இவ்வளவுதான். தலைவிமார் வீட்டுக்கு வீடு கேட்டால் இரண்டு நாளில் முடியும். கடுதாசியோடு யாராவது வேனில் வந்தால் தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள், கடுதாசியைப் படம் எடுங்கள், கையெழுத்து வைப்பதற்கு முன்னால் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு போன் போடுங்கள்.