அயலார் உணவும் நம் சொல்லும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் பேசத் தக்க பொருள்கள் பல இருக்க, மக்கள் எந்த விலங்கை உண்கிறார்கள், எதை உண்ண மறுக்கிறார்கள் என்னும் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உணவைப் பற்றிய இகழ்ச்சி முதலில் சொல்லாகத்தான் பிறக்கிறது. சொல்லைக் கையாள்பவர்கள் நாம். ஆகவே இது சமையற்காரர்க்குரிய பொருள் மட்டுமன்று, பாவலர்க்கும் உரியது.

ஓர் இனத்தைச் சுருக்கிச் சொல்ல வேண்டுமானால் அதன் உணவைச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் 'தவளை' என்றனர். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரை 'வாட்டிய மாட்டிறைச்சி' என்றனர். வடபுலத்தார் பலர்க்குத் தமிழர் என்றால் இட்டலியும் சாம்பாரும்தாம்; தமிழர் யாவரும் புலால் உண்ணாதவர் என்றே நம்பிக்கொண்டிருப்பவரும் உளர். ஆயின் நடுவணரசின் மாதிரிப் பதிவு முறை 2014ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டிற்கும் மேலானோர் புலால் உண்பவர்கள். அதே கணக்கில் இராசத்தானத்தில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் புலால் உண்ணாதவர்கள். நாமும் இத்தவற்றுக்கு விலக்கல்லர். வங்கத்து அந்தணர் மீன் உண்பதையும், காசுமீரத்துப் பண்டிதர் ஆட்டிறைச்சி சமைப்பதையும் கேட்டு இங்கே வியப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இத்தகைய விலக்குகள் எங்கிருந்து வந்தன? அறிஞர்கள் இருவேறு விடை தருகின்றனர். மேரி டக்ளசு என்னும் மானிடவியலாளர் 1966இல் வெளியிட்ட நூலில், யூதர் மறையில் பன்றி விலக்கப்பட்டதற்கு அது வகைப்பாட்டில் பொருந்தாமையே காரணம் என்றார். குளம்பு பிளந்த விலங்கு அசைபோட வேண்டும். பன்றியோ குளம்பு பிளந்திருந்தும் அசைபோடுவதில்லை. மார்வின் ஆரிசு 1985இல் எழுதிய நூலில், வெப்பமும் வறட்சியும் மிக்க நிலத்தில் பன்றி வளர்ப்பு கட்டுபடியாகாது என்னும் பொருளியற் காரணத்தை முன்வைத்தார். இருவருள் யார் சரி என்பதை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். ஒருவர் இலையில் இருப்பதை நிலமும் தொழிலும் மறையும் பழக்கமும் கூடித்தான் வைத்தன என்று கொள்ளலாம்.

இவ்விலக்குகள் மாறாதவையும் அல்ல. 732ஆம் ஆண்டளவில் போப்பாண்டவர் மூன்றாம் கிரகோரி, செருமானியரிடையே பணியாற்றிய போனிபாசுக்கு எழுதிய மடலில் குதிரை இறைச்சி உண்பதைத் தடைசெய்யப் பணித்தார். ஆயிரத்து நூறாண்டுகளுக்குப் பின், 1866இல் பிரான்சு அதன் விற்பனைக்குச் சட்ட இசைவு தந்தது. கால்வாய் ஒன்றே இடைப்பட்ட பிரித்தானியாவிலோ, 2013இல் மாட்டிறைச்சி என்று விற்ற பொருள்களில் குதிரை இறைச்சி கலந்திருந்தது தெரிந்தபோது நாடே அருவருத்தது. ஏமாற்று வணிகத்தின் மேல் எழுந்த சினத்தைக் காட்டிலும் அந்த அருவருப்பே பெரிதாக ஒலித்தது.

கொரியாவின் வரலாறு இன்னும் நுட்பமானது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கை முன்னிட்டு, அயலார் கண்ணில் படாதிருக்க, நாயிறைச்சிக் கடைகளை அரசு பெருந்தெருக்களிலிருந்து அகற்றியது. நாயிறைச்சியைத் தொட்டும் பாராத கொரியர்கூட அயல்நாடுகளில் அவ்வேளனத்தைச் சுமந்தனர். பின்னர் வீட்டில் நாய் வளர்ப்போர் பெருகினர். இளைஞர் அவ்வுணவைக் கைவிட்டனர். 2024 சனவரியில், நாயை இறைச்சிக்காக வளர்த்தலையும் கொல்லுதலையும் விற்றலையும் தடுக்கும் சட்டம் அவர்கள் மன்றத்திலேயே நிறைவேறியது. 2027 முதல் தண்டனை நடப்புக்கு வரும். உண்பவனுக்குத் தண்டனை இல்லை. ஒரு மக்கள் தம் வழக்கத்தைத் தாமே எண்ணிப்பார்த்து மாற்றிக்கொள்வது வேறு. பிறர் கைகொட்டிச் சிரிப்பது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

அன்பர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை நாம் அனைவரும் பயின்றிருக்கிறோம். தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழிநெடுகக் கிடைக்கும் உணவை நிலந்தோறும் சொல்லிச் செல்கிறார். எயினர் ஊரில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல். ஆயர் குடியிருப்பில் பாலொடு தினைச்சோறு. மருதத்து உழவர் இல்லத்தில் வெண்ணெல் சோற்றுடன் மனையில் வளர்ந்த கோழி. வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் இல்லத்தில் நெல்லரிசிச் சோறும் மாவடு ஊறுகாயும். பட்டினத்தில், நெல்மாவு ஊட்டிக் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண் பன்றியின் கொழுத்த இறைச்சி.

இந்தப் பட்டியலில் நான் வியப்பது பொருள்களின் பெருக்கத்தை அன்று, குரலின் சமனிலையை. உடும்புக்கு ஒரு குரல், மாவடுவுக்கு ஒரு குரல் என்று புலவர் வைத்துக்கொள்ளவில்லை. எல்லா வாயிலிலும் பாணன் விருந்தினன். எல்லா விருந்தும் 'பெறுவீர்கள்' என்று ஒரே மதிப்போடு சொல்லப்படுகிறது.

கபிலரை நினைத்துப் பாருங்கள். தம்மை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட அவர், சேரமான் செல்வக்கடுங்கோ தம் கை மென்மையாக இருப்பதைக் கண்டு வினவியபோது, ஊனும் கறியும் சோறும் உண்பதன்றி வேறு வருத்தம் அறியாத கை இது என்று பொருள்படப் பாடினார். பறம்பு நாட்டைப் பாடும்போது, மழைக்காலத்துப் புற்றீசலை மோரில் புளிக்கச் சமைத்த உணவையும் அந்நாட்டின் வளத்துள் ஒன்றாக வைத்தார். இன்றும் நம் சிற்றூர்களில் ஈசலை வறுத்து அரிசியுடன் கலந்து உண்பவர் உண்டு; நகரத்துக்கு வந்தபின் அதைச் சொல்ல நாணுகிறார்கள்.

நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாட்டு இவ்வகையில் ஒரு மணிமுடி. தேர் ஏறி வரும் செல்வனிடம் நெய்தல் நிலத் தோழி பேசுகிறாள். நாங்கள் மீனின் புலவு நாறுபவர்கள், சற்றே விலகி நில்லும் என்கிறாள். எங்கள் சிறிய நல்வாழ்க்கை உம்முடையதைப் போன்றதன்று. எங்களுள்ளும் தலைமை சான்றோர் உண்டு என்று முடிக்கிறாள். பிறர் இழிவாகச் சொல்லக்கூடிய நாற்றத்தை அவளே எடுத்துச் சொல்லி, அதையே வேலியாக நிறுத்திவிடுகிறாள்.

இதற்கு எதிர்முனையில் திருக்குறளின் புலால் மறுத்தல் நிற்கிறது. அதை ஒளித்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வள்ளுவர் மறுப்பு கடுமையானதே. ஆயினும் அவ்வதிகாரம் துறவறவியலில் உள்ளது. அருளை ஆளும் நெஞ்சை நோக்கிப் பேசுகிறது. எந்தக் குடியையும் பெயர் சுட்டி அது இழித்துரைக்கவில்லை. வள்ளலாரும் கொலையையும் புலாலையும் அழுத்தமாக மறுத்தவர். அவரே 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, சாதி சமயம் பாராமல் பசித்தவர் யாவர்க்கும் சோறிட வழிசெய்தார். ஆகவே மறுப்பதும் நம் மரபு. மறுத்தபடியே மதிப்பதும் நம் மரபு.

பின் எங்கே பிழை நுழைந்தது? சொல்லில் நுழைந்தது. 'சைவம்' என்னும் சமயப் பெயர் உணவின் பெயராயிற்று. பெரும்பான்மையோர் உணவுக்கு 'அசைவம்' என்று எதிர்மறைப் பெயர் வாய்த்தது. ஒருவர் தம் அன்றாட உணவை 'இல்லாமை'யால் குறிக்க நேர்வது எத்தகைய நிலை! பெரிய புராணமோ வேறு கதை சொல்கிறது. கண்ணப்பர் தாம் சுவைத்துப் பார்த்த பன்றி இறைச்சியை இறைவனுக்குப் படைத்தார். அதைக் கண்டு உள்ளம் பதைத்த சிவகோசரியாரை, மறைந்திருந்து பார்க்குமாறு இறைவனே கனவில் பணித்தான். ஆராய்ந்து பாராமல் அருவருத்தவர்க்குக் கிடைத்த விடை அதுதான்: நின்று பார்.

சொல் சொல்லோடு நிற்பதில்லை. மாட்டிறைச்சி உண்டமைக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இல் எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். இலையில் இருந்ததைக் காட்டி மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்திய வரலாறு அது. 2015 செப்டம்பரில், உத்தரப்பிரதேசத்துத் தாத்ரிக்கு அருகே ஒரு சிற்றூரில், மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்னும் பேச்சை நம்பிய கூட்டம் ஒருவரை வீட்டிலிருந்து இழுத்து அடித்தே கொன்றது. நம் நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுப் போகிறவரிடம் பெயருக்கு அடுத்து உணவைக் கேட்கிறார்கள். அக்கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதைக் கேட்பவரும் அறிவர், கேட்கப்படுபவரும் அறிவர்.

எல்லா உணவையும் ஏற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடும்பும் ஆமைகள் பலவும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. சங்கப் பாட்டில் உள்ளது என்று இன்று அவற்றைப் பிடித்தல் ஆகாது. உயிர் அழிந்துவிடுமே என்பது ஒரு காரணம். உயிர் வருந்துமே என்பதும் ஒரு காரணம். இவை அனைவர்க்கும் பொதுவாக வைத்து வாதிடத் தக்கவை. 'சீ, அவர்கள் அதைத் தின்கிறவர்கள்' என்பது காரணமே அன்று. வயல் வளையில் எலி பிடித்து உண்ணும் இருளரை நகைப்பவர், இறால் வறுவலை விரும்பிக் கேட்பார். இறாலுக்கும் எலிக்கும் இடையே உள்ள கோட்டை வரைந்தது பழக்கம். அந்தக் கோட்டின் மேல் இருளரின் மதிப்பை நிறுத்தக்கூடாது.

இவ்வட்டத்துப் பாவலர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன். ஒன்று: ஒரு மக்களின் உணவை வசையாகவோ, எளிய நகைச்சுவையாகவோ பாட்டில் பயன்படுத்தாதீர்கள். அது எதுகைக்கு வசதியாக வந்து வாய்த்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு: உங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததை உள்ளவாறே எழுதுங்கள். வயல் நண்டும் ஈசலும் கருவாடும் குடல்கறியும் கவிதைக்கு ஆகாத பொருள்கள் அல்ல. தாய் அவற்றைச் சமைத்த நாளில் வீட்டில் இருந்த மகிழ்ச்சி பாட்டுக்குரியது. மூன்று: புலால் மறுத்தவர் மறுப்பையும் அதே மதிப்போடு எழுதுங்கள். தன் நாவை அடக்கியவரின் பாட்டில் பெருமிதம் இருக்கலாம், பிறர் மீது ஏளனம் வேண்டா.

ஆற்றுப்படைப் புலவர் பாணனை ஒவ்வொரு வாயிலுக்கும் அனுப்பினார். எந்த வாயிலையும் தாண்டிப் போகச் சொல்லவில்லை. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்திலிருந்து எழும் பாக்களும் அவ்வாறே எல்லா வாயில்களிலும் நின்று செல்லட்டும் என்று வாழ்த்துகிறேன்.