கைப்பேசிக்குள் ஒரு சுவடிச்சாலை



உங்கள் கையிலுள்ள கைப்பேசி, பேசுவதற்கு மட்டும் ஏற்பட்ட கருவியன்று; அஃது ஒரு சிறு சுவடிச்சாலையுமாகும். பாடக் குறிப்பும் நிழற்படமும் பாட்டியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும் அதனுள் கோப்புகளாக அடுக்கப்பெற்றிருக்கின்றன. ஆயின், அதன் உரிமையாளருள் பலர் அலமாரி எப்பக்கம் இருக்கிறதென்றும் அறியார்!

நிழற்படங்கள் பெரும்பாலும் 'டிசிஐஎம்' என்னும் கோப்புறையில் சென்று அமர்கின்றன. இப்பெயர் கைப்பேசிக்காரர் சூட்டியதன்று. நிழற்படக் கருவிகளுக்கென 1998-இல் ஜப்பானில் வகுக்கப்பெற்ற விதியினின்றும் வந்தது. இணையத்திலிருந்து இறக்கியவை 'டவுன்லோட்' என்னும் உறையிற் கிடக்கும்.

கோப்பை ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்கு மாற்றினால், அது எத்துணைப் பெரிதாயினும் பெரும்பாலும் நொடியில் முடிந்துவிடும். காரணம் யாதெனில், கோப்பு அசைவதே இல்லை. அட்டவணையில் அதன் இடக்குறிப்பு மட்டும் திருத்தி எழுதப்படுகிறது. மெமரி கார்டுக்கு மாற்றுவதோ வேறு கதை. அங்கே ஒவ்வொரு துணுக்கும் படியெடுக்கப்பெற்ற பின்னரே மூலம் அழிக்கப்படும். இடையில் அட்டையை உருவினால் அரைகுறைக் கோப்பே மிஞ்சலாம். ஆதலின் 'நகர்த்து' என்னும் கட்டளையை நான் விரும்புவதில்லை. முதலிற் படியெடுப்பேன், படியைத் திறந்து பார்ப்பேன், பிறகே மூலத்தை நீக்குவேன்.

அட்டையில் இடம் நிறைய இருந்தும் பெரிய திரைப்படத்தை அது ஏற்க மறுப்பதைக் கண்டிருப்பீர்கள். 'ஃபேட் 32' என்னும் முறையில் அமைந்த அட்டை, கோப்பின் அளவை 32 இரும இலக்கங்களில் குறிக்கிறது; 4 ஜிபியைத் தொடும் எண்ணை அதில் எழுத வழியில்லை.

கணினியோடு கம்பியால் இணைக்கும்போதும் ஒரு வியப்பு உண்டு. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தம் அட்டையை முழுவதுமாகக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரை அதனைத் தாம் தொட இயலாமல் இருந்தன. 2011-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் 'எம்டிபி' என்னும் முறை வந்தது. இதில் கணினி சீட்டு எழுதிக் கேட்கிறது. கைப்பேசி நூலகரைப் போல எடுத்துத் தருகிறது. நூலகர் கதவைப் பூட்டியிருந்தால் கணினிக்கு வெற்றறையே தெரியும். கைப்பேசியின் பூட்டைத் திறந்து, திரையில் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தால் யாவும் வெளிப்படும்.

எனக்கு அறிமுகமான வரலாற்று மாணவர் ஒருவர், சிற்றூர்க் கோயிலொன்றின் சுவரிலிருந்த கல்வெட்டைப் படமெடுத்தார். அதனைச் செய்திச் செயலி வழியாக நண்பருக்கு அனுப்பிவிட்டு, இடம் வேண்டுமென்று மூலத்தை அழித்தார். விரைவு கருதிப் படத்தைச் சுருக்கி அனுப்புவது அச்செயலிகளின் இயல்பு. முகங்களைப் பார்ப்பதற்கு அச்சுருக்கம் தடையன்று; தேய்ந்த எழுத்துக்களுக்கோ அது தாங்காது. சில திங்களில் அச்சுவர்மேல் சுண்ணாம்புப் பூச்சு ஏறிவிட்டது. நண்பரிடமுள்ள படத்தில் வரிகளை எண்ண முடிகிறது, படிக்க முடியவில்லை.

அதே செயலியில் 'டாக்குமென்ட்' என்றொரு வழியுண்டு. அவ்வழியே விடுத்தால் படம் சுருங்காமற் போய்ச் சேரும். புளூடூத் மெல்ல நடப்பதாயினும் கோப்பை உள்ளவாறே கொண்டு சேர்க்கும். நூறு படங்களாயின், கம்பியே நலம். போய்ச் சேர்ந்த படத்தின் அளவு மூலத்தின் அளவோடு ஒக்கிறதா என்று 'விவரங்கள்' பகுதியிற் பார்த்துக்கொள்ளலாம்; அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.