பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்
(தம்பானூரில் நடந்த மூத்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் பைல் பார்த்தவன் நான். இன்று ஜஸ்பால் பட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

1955-ல் அமிர்தசரஸில் பிறந்த அவர், சண்டிகரில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்தவர். தெருநாடகம், பத்திரிகைக் கார்ட்டூன், பிறகு தூர்தர்ஷனில் ‘உல்டா புல்டா’. 1989-ல் வந்த ‘ஃப்ளாப் ஷோ’ பத்தே பகுதிகள்தான். மனைவி சவிதாவும் கூட நடித்தார். டாக்டர், கான்ட்ராக்டர், பேராசிரியர் என யாரையும் விடவில்லை. சர்க்கார் டி.வி.யிலேயே சர்க்கார் ஆபீஸைக் கேலி செய்தார்.

அப்போது தம்பானூர் பக்கம் குடியிருந்த நாங்கள், ஹிந்தி அரைகுறையாகப் புரிந்தும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு பகுதி முழுக்க ஆபீஸ் மீட்டிங்தான். பேச்சு உண்டு, காரியம் இல்லை.

அடுத்த வாரம் எங்கள் ஆபீஸில் மீட்டிங். வெளியே பென்ஷன் விஷயமாகக் காலை முதல் பெஞ்சில் ஒரு பெரியவர். உள்ளே டீயும் வடையும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அவர் பைலை முடித்தேன். அதற்குமுன் அப்படிக் காத்திருந்தவர்கள் எத்தனை பேரோ!

மின்வெட்டைக் கேலி செய்யும் ‘பவர் கட்’ படத்தின் விளம்பரப் பயணத்தில், 25.10.2012 அன்று ஜலந்தர் மாவட்டத்தில் கார் விபத்தில் பட்டி காலமானார். மறைவுக்குப்பின் 2013-ல் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

இப்போது பெஞ்சில் உட்காருவது நம் முறை. உள்ளே இருப்பவர்கள் நம் பிள்ளைகள். அவர்களிடம் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லுங்கள்.